பொழி வெட்டின அன்னிக்கு

ஏனுங்க, இந்தப் பெஞ்சில வேற ஆளு வருதுங்களா? வராதுன்னா சித்த தள்ளி உக்காருங்க. ராத்திரி பூரா கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸில காலை மடக்கியே வந்தனுங்களா, முட்டி வீங்கிப்போச்சு. ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சப்ப வலிக்காத முட்டி, சும்மா உக்காந்து வந்தா வலிக்குது பாருங்க.

போலீஸ்காரரு இங்கதான் இருக்கச் சொன்னாரு. ஆஸ்பத்திரி முன்பக்கம் அத்தன பெஞ்சு காலியாக் கெடக்குது. இவரு என்னமோ பின்பக்கமாக் கூட்டியாந்து இந்த வேப்பமரத்தடியில விட்டுட்டு உள்ள போயிட்டாரு. பினாயில் நாத்தம் வேற. நீங்களும் போலீசு சொல்லித்தான் உக்காந்திருக்கீங்களா? அதானே பாத்தேன். மடியில என்னங்க, புது வேட்டியா? செரி செரி, கேக்கல.

பயப்படாதீங்க, நான் குத்தவாளி இல்லீங்க. புகார் குடுத்தவன். என்ற பேரு வெள்ளியங்கிரி. கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன், பம்புசெட்டுக்கு உதிரி சாமான் கடைஞ்சு குடுக்கறது. முந்தாநேத்து போன் வந்துச்சு. 'ஆள் கெடச்சாச்சு, வந்து பாத்து அடையாளம் சொல்லுங்க'ன்னாங்க. ஸ்டேஷனுக்குத்தானுங்களேன்னு கேட்டேன். இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கன்னாங்க. எனக்கு உடனே வெளங்கிருச்சு. ஒருத்தன ரிமாண்டு பண்றதுக்கு முன்னால டாக்டர்கிட்டக் காமிக்கணுமில்லீங்களா, அடிச்சாங்களா ஒதைச்சாங்களான்னு பின்னால கேள்வி வரக்கூடாதுன்னு. பேப்பர்ல படிச்சிருக்கேன்.

அவன் எப்ப வெளிய வர்றானோ. அதுவரைக்கும் சொல்லிட்டிருக்கேன், கேளுங்க. உங்களுக்கும் பொழுது போகும்.

எனக்கு சர்க்கரை வந்துச்சுங்க. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாரு. எங்க ஊர்ல ஒரு சைக்கிள் குழு இருக்குது, ஞாயித்துக்கிழமையானா நாப்பது பேரு கெளம்பி சிறுவாணி அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம். அதுக்குத் தலைவர் மாதிரி ஒருத்தர், மயில்ராஜுன்னு, பல் டாக்டர். நான் தூத்துக்குடியில இருந்து கொல்லம் வரைக்கும் கடல் ஓரமாவே தனியாப் போகப்போறேன்னு சொன்னதும், அத்தன பேரு முன்னாடியும் சிரிச்சுப்போட்டாரு. 'வெள்ளியங்கிரி, மூணாவது நாளு ஆட்டோ மேல சைக்கிள ஏத்திட்டு வருவீங்க'ன்னாரு. எனக்கு அம்பத்திநாலு வயசுங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கல. அதை நெனச்சுக்கிட்டுத்தான் அத்தன தூரமும் மிதிச்சேன்.

எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். வேற வண்டியில கால் வைக்கக்கூடாது. கடல விட்டு வெலகக்கூடாது. போன்ல ஒரு ஆப் இருக்குதுங்க, நாம போற வழியச் செவப்புக் கோடாப் போட்டுக்கிட்டே வரும். குழுவுல எல்லாரும் அவங்கவங்க வீட்டுல உக்காந்து பாப்பாங்க. அந்தக் கோடு கடலை ஒட்டியே போகணும், எங்கியும் உள்ள வளையக்கூடாது. 'ஐப்பசி மாசம் மழையில எதுக்குப் போறீங்க'ன்னு என் வீட்டுல கேட்டா. கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சு, அதைத் தூக்கி எறிஞ்சேன். அவ மேல இல்லீங்க. செவுத்துல.

முதல் மூணு நாளு ஒரு கொறையும் இல்ல. மணப்பாடு, உவரின்னு எதிர்க்காத்துல மிதிச்சேன். போற எடத்துல தண்ணி குடுத்தாங்க, இருந்துட்டுப் போங்கன்னாங்க. கன்னியாகுமரி தாண்டினப்பறம்தான் மாறுச்சு. மழை புடிச்சுக்கிச்சு. அஞ்சு நாளு விடாம அடிச்சுது, அதுல மூணு நாளு லாட்ஜில அடைஞ்சு கெடந்தேன். அந்தப் பக்கத்துக் கடலும் வேற மாதிரிங்க. மணலே கொறைவு, கரை பூரா கருங்கல்லு. அலை வந்து கல்லுல விழறப்ப ரோடு அதிருது. ஹேண்டில் பாரப் புடிச்சிருக்கற கையில தெரியுது அந்த அதிர்வு. கோடு போட்ட மாதிரி கல்லறையும் சிலுவையும் ரோட்டோரத்துலயே வருது. சாயங்காலமானா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும், சொல்றதுக்கென்ன, பயந்தான்.

கல்லடித்துறைன்னு ஒரு ஊரு. தெரியுங்களா உங்களுக்கு? தெரியுமா! நல்லதாப் போச்சு. அந்த ஊர்க்காரங்க எப்படிங்க, நல்லவங்களா? செரி, நான் சொல்லி முடிக்கறேன், அப்பறம் நீங்க சொல்லுங்க.

அன்னிக்குக் காலையில மழை விட்டுருந்துச்சு. ஏழு மணி இருக்கும். ஆறு பேரு ஒரு வள்ளத்தக் கடலுக்குள்ள தள்ளிட்டிருந்தாங்க. அஞ்சு நாளு கழிச்சு அன்னிக்குத்தான் கடலுக்குப் போறாங்களாம். பாக்க நல்லா இருந்துச்சு. முதுகு மட்டும் தெரிஞ்சா போட்டோ நல்லா வருமா? 'அண்ணே! இங்க திரும்புங்க, ஒரு போட்டோ!'ன்னு பின்னாடி நின்னு கத்தினேன்.

ஆறு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. ஒருத்தருகூட சிரிக்கல. வள்ளத்தத் திருப்பி மணல்ல இழுத்துப் போட்டுட்டாங்க. அதுல இருந்து ஒருத்தன் என்கிட்ட வந்தான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை, தலையில காவித் துண்டு, ஒசரம். எனக்கு ஞாபகசக்திக்குக் கொறைச்சலே இல்லீங்க, போலீசே ஆச்சரியப்பட்டாங்க. முந்தாநேத்து போன்லகூட சட்டையத்தான் ரெண்டு தடவ கேட்டுக்கிட்டாங்க. மொகத்தப் பத்தி ஒண்ணும் கேக்கல.

அவன் சொன்னான், 'கடல்ல எறங்கப் போறவன பொறத்த நின்னு விளிக்கப்பிடாது ஓய். இன்னைக்கு இனி போவ முடியாது. எதுவும் சொல்லணும்னா சுத்தி முன்ன வந்து, மொகத்தப் பாத்துச் சொல்லணும். நாங்க தலை போற காரியம்னாலும் அப்படித்தான்.' கோவமாச் சொல்லல. நெதானமாத்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஒறைச்சுது. ஆறு வீட்டு அன்னிக்குப் பொழப்பு என்னால போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலீங்க. 'இந்தக் காலத்துல போயி இதெல்லாம்'னு சிரிச்சுட்டேன்.

அந்தச் சிரிப்ப அவன் மனசுல வெச்சுக்கிட்டான். அப்படித்தான் நான் நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனப்பீங்க?

அங்கிருந்து நூறடி தள்ளல, முன் டயரு புஸ்ஸுன்னு போச்சு. பாத்தா தூண்டில் முள்ளு. கடற்கரையில தூண்டில் முள்ளு கெடக்காம பருத்திக்கொட்டையா கெடக்கும்னு நீங்க கேக்கலாம். ஆனா எனக்கு அப்ப அப்படித் தோணல, வேணும்னே போட்டிருக்காங்கன்னு பட்டுச்சு. ஈரத்துல பஞ்சர் பசை ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டு தடவ ஒட்டி, ரெண்டு தடவையும் புடுங்கிக்கிச்சு. மத்தியானம் வரைக்கும் அந்த ஊர்லயே உக்காந்திருந்தேன். ஒரு கூட்டம் பொம்பளைங்க தள்ளி நின்னு பாத்தாங்க. ஒருத்தரு கட்டன் சாயா கொண்டாந்து வெச்சுட்டுப் போனாங்க. அதை நான் குடிக்கல. யாரு கண்டா என்ன கலந்திருக்கோ.

ஏனுங்க இப்படிப் பாக்கறீங்க? முன்பின் தெரியாத ஊருங்க. தனியா இருக்கறவன் அப்படித்தான் யோசிப்பான்.

பஞ்சர் ஒட்டி முடிச்சதும் அடுத்த ஊருக்கு வழி பாத்தேன். ஊருக்கு மேற்க ஒரு ஆறு வந்து கடல்ல சேருது. ரோட்டு வழியாப் போனா உள்ள போயி பாலம் ஏறிச் சுத்தி வரணும், ஒம்பது கிலோமீட்டர். அப்படிப் போனா என்ற செவப்புக் கோடு உள்ள வளைஞ்சிரும். ஆனா ஆறு சேர்ற வாயில மணல் மேடிட்டு அடைச்சிருந்துச்சு. காலையிலகூட ஆளுக அந்த மணல் மேல நடந்து அக்கரைக்குப் போனத நானே பாத்தேன். சைக்கிள உருட்டிட்டுப் போனா அஞ்சு நிமிசம். மீன் கூடை தூக்கிட்டு வந்த ஒரு அம்மா என்னப் பாத்து, 'அங்கோட்டுப் போவாதீங்க, பொழி வெட்டப் போறாவ'ன்னு சொல்லுச்சு. எனக்கு 'போவாதீங்க'ங்கறது மட்டும்தான் வெளங்குச்சு. ஓகோ, இதுக்கும் தடையான்னு நெனச்சுக்கிட்டேன்.

பொழின்னா என்னன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. அப்பறம்தான் ஸ்டேஷன்ல சொன்னாங்க. அந்த மணல் அடைப்புக்குத்தான் பொழின்னு பேரு. மழை பெய்ஞ்சா ஆத்துத் தண்ணி கடலுக்குப் போக வழியில்லாம ஊருக்குள்ள வீடு வீடா ஏறிக்குமாம். அப்ப ஆளுக சேந்து மணல்ல ஒரு வாய்க்கா வெட்டி விடுவாங்களாம். முதல்ல ஒரு சாண் தண்ணிதான் போகும். ஆனா அது ரெண்டு பக்கத்து மணலையும் அரிச்சுக்கிட்டே போயி, கால் மணி நேரத்துல மொத்த ஆறும் புடுங்கிக்கிட்டுக் கடலுக்குள்ள எறங்குமாம். அன்னிக்குக் கடலுக்குப் போகாம நின்ன ஆளுகதான், சும்மா இருக்கறதுக்கு இன்னிக்கே வெட்டிரலாம்னு எறங்கியிருக்காங்க. ஆமாங்க, அவங்க போகாம நின்னது என்னாலதான். ஆனா வெட்டுங்கன்னு நானா சொன்னேன்?

நான் போறப்ப மணல் மேட்டுல யாருமே இல்ல. தூரத்துல ஆத்துப் பக்கமா பத்துப் பன்னெண்டு பேரு குனிஞ்சு நின்னாங்க, என்னமோ வேலை. நான் கடல் பக்கமா உருட்டிக்கிட்டுப் போறேன். பாதி தூரம் போயித் திரும்பிப் பாத்தா, அவன் ஓடி வர்றான்.

அதே பச்சைக் கட்டம் சட்டை. கையில மம்பட்டி.

ஒரு சத்தம் போடலீங்க. அதுதான் எனக்கு ஈரக்குலைய நடுக்குச்சு. ஒருத்தன் கையில மம்பட்டியோட ஓடி வர்றான், 'டேய்'னுகூடச் சொல்லாம வர்றான். அதுவும் நேரா என்னப் பாத்து வரல. என்னச் சுத்திக்கிட்டு முன்னால போயி மறிக்கறதுக்குப் பாக்கறான். நான் வலது பக்கம் திரும்பினா அவனும் வலது பக்கமா ஓடறான். சினிமாவுலதாங்க இப்படிப் பாத்திருக்கேன். நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஓட ஆரம்பிச்சேன். அந்த மணல்ல காலு பொதையுது. நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு.

நடுவுல அந்த வாய்க்கா வந்துருச்சு. அது எனக்கு எதிர்பாக்காத ஒண்ணு. ஒரு ஆள் அகலம் இருக்கும், கணுக்கால் தண்ணிதான் தெரிஞ்சுது. சைக்கிளோட எறங்கிட்டேன். ரெண்டாவது அடி வைக்கறப்பவே முழங்கால். மூணாவது அடியில கால் நிக்கல, கீழ மணலே ஓடுது. ரெண்டு பக்கத்துக் கரையும் துண்டு துண்டா விழுகுது. சைக்கிளோட சாயறேன், பின்பக்கத்துப் பையெல்லாம் தண்ணி. அப்ப அவன் எகிறி உள்ள குதிச்சான். குதிச்சு என்ற சைக்கிள் கேரியரப் புடிச்சுட்டான்.

புடிச்சு இழுத்தானுங்க. இல்ல, உண்மையச் சொல்லணும்னா தள்ளினான்னுதான் சொல்லணும். முன்னாடிதான் போச்சு வண்டி. ஆனா அந்த நேரத்துல அதையெல்லாம் யாரு பாத்தா? அவன் கை என்ற இடுப்புல வேற படுது. நான் சைக்கிள் ஷூ போட்டிருந்தேன், அடியில இரும்புப் பட்டை இருக்கும். திரும்பிப் பாக்காம பின்னாடி ஒரு ஒதை விட்டேன். எங்கியோ பட்டுச்சு. தற்காப்புக்குத்தாங்க. அந்த ஒதைக்கு அப்பறம் வண்டி லேசாச்சு, நான் அக்கரையில போயி விழுந்தேன்.

தண்ணி வேணுங்களா? ஒரு மாதிரியா இருக்கீங்க. என்ற பாட்டில்ல இருக்குது, குடிங்க.

விழுந்து எந்திரிச்சுப் பாத்தேன். வாய்க்கா இல்ல அங்க, ஆறு. சத்தம்னா அப்படி ஒரு சத்தம். அவன் இடுப்பளவுல நின்னான், கை ரெண்டும் மேல. மெரட்டறான்னு நெனச்சேன். அப்பறம் நெஞ்சளவு. அப்ப ஒரு தடவ 'ஓய்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் சைக்கிளத் தூக்கிக்கிட்டு தென்னந்தோப்புக்குள்ள ஓடிட்டேன். கடல்ல பொறந்து கடல்ல வளந்தவனுங்க, நீச்சல் தெரியாமயா இருக்கும்? நமக்குத்தான் தெரியாது. அவன் திரும்பிப் போயிருப்பான்னுதான் நெனச்சேன். இன்னமும் அதைத்தான் நெனக்கறேன்.

அக்கரையில ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு போலீஸ் ஸ்டேஷன். ஒரு பை அறுந்து போயிருந்துச்சு, ஒடம்பெல்லாம் செராய்ப்பு. புகார் எழுதிக் குடுத்தேன். ரைட்டரு படிச்சுப் பாத்துட்டுப் பேனாவ மூடி வெச்சுட்டாரு. 'சம்பவம் எங்க நடந்துச்சு? தண்ணிக்கு அந்தப் பக்கம்னா எங்க எல்லை இல்ல. ஆறுதான் எல்லை. பாலம் சுத்திப் போயி அந்த ஸ்டேஷன்ல குடுங்க'ன்னாரு. மறுபடியும் ஒம்பது கிலோமீட்டர், அதே ஊருப் பக்கம், அவன் இருக்கற பக்கம்! என்னால முடியலீங்க. அதனால கொஞ்சம் சேத்துச் சொன்னேன். 'இல்லீங்க சார், அவன் இக்கரைக்கும் வந்துட்டான். தென்னந்தோப்பு வரைக்கும் மம்பட்டியோட தொரத்திட்டு வந்தான், அங்கிருந்துதான் தப்பிச்சேன்'னு. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடனே கேஸ் எடுத்துக்கிட்டாங்க.

ஒரு வரிதாங்க. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

அன்னிக்கே குழுவுலயும் போட்டேன். 'மம்பட்டியோட வந்த கொள்ளைக்காரன் கிட்ட இருந்து தப்பிச்சேன், பயணம் தொடர்கிறது'ன்னு. எத்தன பேரு கட்டவிரலத் தூக்குனாங்க தெரியுங்களா? மயில்ராஜு டாக்டர் 'சல்யூட்'னு போட்டாரு. கொல்லம் போயிச் சேந்து ஊருக்குத் திரும்பினா, ரயில்வே ஸ்டேஷன்ல மாலையோட நிக்கறாரு. சால்வை போத்தி எல்லாருக்கும் முன்னாடி பேசச் சொன்னாங்க. பேசினேன். பேசப் பேச அவன் தென்னந்தோப்பு பூரா என்னத் தொரத்தினதே எனக்குக் கண்ணு முன்னாடி நிக்க ஆரம்பிச்சிருச்சுங்க.

இடையில ரைட்டரு ஒருக்கா போன் பண்ணாரு. ஆளு தலைமறைவுன்னாரு. கேஸுக்குப் பயந்து கொச்சிப் பக்கம் போட்டுல ஏறிப் போயிருப்பான்னு ஊர்க்காரங்களே சொல்றாங்களாம். அன்னிக்கு பொழி ஒடஞ்சு அங்கிட்டும் இங்கிட்டும் போக முடியாமப் போச்சில்ல, அவன் என்கூட அக்கரைக்கு வந்துட்டான்னு மொதல்ல நெனச்சாங்களாம். பின்னால என்ற புகாரப் பாத்ததும் அதுதான் நெசம்னு விட்டுட்டாங்களாம். அவன் பொண்டாட்டி மட்டும் தெனமும் ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்குதாம், 'எங்க ஆளு ஓடி ஒளியற ஆளு இல்ல'ன்னு. எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான சொல்லுவாங்க. ரைட்டரும் அதைத்தான் சொன்னாரு.

என்னங்க?

அக்கரைக்கு வந்தானான்னா? அதான் சொன்னனே. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க? செரி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க என்ன போலீசா. வரலீங்க. நான் பாக்கல. கடைசியாப் பாத்தது தண்ணிக்குள்ளதான். போதுமா? வெளிய சொல்லீராதீங்க.

என்ன சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க. வெட்டற அன்னிக்கு மணல் மேட்டுல யாரும் வந்துரக்கூடாதுன்னு ஒரு ஆளக் காவலுக்கு நிறுத்துவாங்களா? அப்படியா? இருக்கலாம். அன்னிக்கு யாரு நின்னா?

யாரு?

ததேயுஸா? ஏனுங்க, அவன் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பேரே சொல்லலையே.

ஓ.

தம்பியா. கூடப் பொறந்த தம்பியா. இத முதல்லயே சொல்லக்கூடாதுங்களா நீங்க? நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டிருக்கேன். நீங்களும் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. மன்னிச்சுக்குங்க பெரியவரே. அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியது, இன்னிக்குச் சொல்றேன். நான் கேஸ வாபஸ் வாங்கிக்கறனுங்க. சத்தியமா. ஒங்க தம்பி வெளிய வந்ததும் அவர்கிட்டயும் கேட்டுக்கறேன். பை போனாப் போகுது. கைய எடுங்க, ஏன் என்ற கைய இந்த இறுக்கு இறுக்கறீங்க?

என்ன, அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாதா? யாருக்கு? அந்தா தண்ணிக் குழாய்கிட்ட நிக்கற பொண்ணுக்கா? என்ன தெரியாது? சொல்லுங்க பெரியவரே. பாதியில நிறுத்தினா நான் என்னன்னு எடுத்துக்கறது.

இங்கதான் வருது அந்தப் பொண்ணு.

வாம்மா. ஆமா அம்மிணி, நான்தான் புகார் குடுத்தவன். அட, எந்திரி மொதல்ல, காலுல எல்லாம் விழுகக்கூடாது. என்னது இது பையில? சட்டை, சோப்பு... ஜெயில்ல குடுக்கறதுக்கா. உள்ள விடுவாங்களா தெரியலையே, கேட்டுப் பாப்போம். என்ன சொல்ற? அவரக் கூட்டிக்கிட்டு வர்றப்ப 'இந்த ஆளு அவரில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா? ரெண்டும் பொட்டப்புள்ளைங்களா. அழுகாத. நான் சொல்லிர்றேன். பச்சைக் கட்டம் சட்டையே போட்டிருந்தாலும் அவரில்லன்னுதான் சொல்லுவேன். இதா, உங்க வீட்டுக்காரரோட அண்ணன் சாட்சி. எத்தன தடவ கேட்டாலும், எத்தன கையெழுத்துப் போடச் சொன்னாலும், இது அந்த ஆளே இல்லன்னு சொல்றேன். நெசமாத்தான் சொல்றேன், நீ தைரியமா இரு.

பெரியவரே, அந்தப் பொண்ணே அழுகைய நிறுத்திருச்சு. நீங்க ஏன் வேட்டிய மொகத்துல வெச்சுக்கிட்டு இப்படி அழுகறீங்க? நான்தான் சொல்றேன்னுட்டனே.

சார் கூப்புடறாரு, வாங்க. ரெண்டு பேரையும்தான் வரச் சொல்றாரு. நீ இங்கியே இரு அம்மிணி, வந்துர்றோம். இந்தக் கதவுதானுங்களா சார்? செரிங்க. ஆமாங்க, கர்ச்சீப்பு இருக்குது.

எதுக்குங்க சார்? ஒரு ஆளப் பாக்கறதுக்கு மூக்கை எதுக்குங்க கட்டிக்கணும்?